விடிந்தால் பேட்டரி இறங்கும் வண்டி

என் அக்காவை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சி.ஐ.டி. என்பதுதான் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். அம்மா கடைக்குப் போய்த் திரும்பினால் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது ஒரு கிலோ இல்ல" என்பாள். எடை போட்டால் இருக்காதுதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்குத் தானே போன் போட்டு விசாரித்தாள். ஒருவன் அந்த இடத்தில் வேலையே பார்க்கவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. மற்றவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெண்ணே போன் போட்டு விசாரித்தாள் என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் அதற்காக ஏங்கின மாதிரி தெரியவில்லை.

அவளுக்கு வாய்த்த வேலையும் குணத்துக்கு ஏற்றதுதான். வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பது. நின்றுகொண்டிருந்த காரில் மரம் வந்து மோதியது என்று எழுதுகிறவர்களை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். எரிந்த வண்டிகள் விஷயத்தில் மட்டும் தோற்றுப்போவாள். காரணம் என்ற இடத்தில் 'வயரிங் கோளாறு' என்று எழுதியிருக்கும். பார்க்கப் போன சர்வேயரும் ஆமாம் என்பார். கதை முடிந்தது.

"வயரிங்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. அந்தக் கருப்புக் கயிறுக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்பாள்.

அப்படித்தான் முப்பத்தாறாவது வயதில், வெளிநாட்டு மாணவர்களுக்கென்று வாகன மின்பழுது வேலை கற்றுத்தரும் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர, நானும் என் வீட்டுக்காரரும் இருக்கும் இந்த ஊருக்கு வந்து இறங்கினாள். உறவினர்கள் வாயில் போட்டு மென்றார்கள். கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஸ்பானர் பிடிக்கப் போகிறாளாம் என்றார்கள். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பயிற்சிக்கூடம் நிஜமாவே இருக்கா?" என்பதுதான். பெட்டிகளோடு நேராக அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். விளம்பரப் படத்தில் கண்ணாடிக் கட்டிடம் இருந்தது. நாங்கள் போய் நின்றது டயர் கிடங்குக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. அக்கா என்னைப் பார்த்தாள். 'நான் சொல்லல?' என்ற அந்தப் பார்வை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். உள்ளே போய்ப் பார்த்தோம். பானெட் திறந்த கார்கள், சுவரில் வரிசையாக மாட்டிய விளக்குப் பலகைகள், பேட்டரி வாடை எல்லாம் இருந்தன. பொய்யில்லை. படத்தில் இருந்தது தலைமை அலுவலகமாம்.

அங்கே பாடம் நடத்தியவர் அக்காவைவிட ஏழெட்டு வயது இளையவர். எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். மேடத்தின் பாடமுறை என்னவென்றால், நன்றாக ஓடும் காரில் ஒரு கோளாறைத் தானே ஒளித்து வைப்பார். கனெக்டர் முள்ளில் கண்ணுக்குத் தெரியாத டேப் ஒட்டுவார். மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்த வயரை வைப்பார். பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள், ஆளுக்கொரு பாஷையில் முணுமுணுத்துக்கொண்டு அதைத் தேட வேண்டும். அக்காவுக்கு அது சொர்க்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆரம்பத்தில் திணறினாள். கையில் கிடந்த உலோக வாட்ச் பட்டை பேட்டரி முனைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே பட்டு, பொறி பறந்து, மணிக்கட்டில் தழும்பு விழுந்தது. இன்னொரு நாள், "மேடம் ஒண்ணுதான் வெச்சதாச் சொல்றாங்க, நிச்சயமா ரெண்டு கோளாறு வெச்சிருக்காங்க" என்று வகுப்பே கேட்கச் சண்டை போட்டாள். கடைசியில் பார்த்தால் கரண்டை அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு வயரை இவளே தப்பான ஓட்டையில் சொருகி, மீட்டரைக் கெடுத்து வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க, நல்லது. உங்க மீட்டரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்க" என்றாராம் மேடம்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். மறுநாளிலிருந்து எந்த வேலைக்கும் முன்னால், நன்றாக இருக்கிற ஒரு பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

பாதிப் படிப்பு முடிந்ததும் ஒரு கராஜில் சேர்ந்து வேலை பழக வேண்டும். அந்த மணிநேரங்களுக்குக் கராஜ் முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் வரும் என்ற நம்பிக்கையில்தான் விசா. நாலைந்து இடத்தில் அவள் வயதைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். கடைசியில் எங்கள் பாஷை பேசுகிற ஒருவர் சேர்த்துக்கொண்டார். நம்ம ஆள் என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

"நம்ம ஆள்னா இன்னும் ரெண்டு கண்ணு வேணும்" என்றாள் அக்கா.

முதலாளி சிரித்த முகக்காரர். வந்தவர்கள் எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுவார். அக்காவுக்குப் பல்பு மாற்றுவது, வைப்பர் மோட்டார் கழற்றுவது, பேட்டரி முனையில் பூத்த பச்சையைச் சுரண்டுவது என்று சில்லறை வேலையாகத்தான் கொடுத்தார். அவருக்கு இவள்மேல் சந்தேகம். ஏதாவது அளக்கப் போனால் பின்னாலேயே வந்து நிற்பார். இவளுக்கு அவர்மேல் சந்தேகம். சில வண்டிகளை மட்டும் மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தானே குனிந்து பார்ப்பார். "எலி ஏன் அம்மணமா ஓடுது? ஏதோ இருக்கு" என்று அக்கா வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு எலியைப் பற்றி என்ன கவலை?

அந்தச் சாம்பல் நிறச் சின்னக் கார் அப்படிப்பட்ட வண்டிகளில் ஒன்று. மழலைப் பள்ளி டீச்சர் ஒருவருடையது. அவரும் எங்கள் பாஷைக்காரர்தான். முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் வாசலைப் பார்க்கிற பழக்கம். அவர் கணவரும் முதலாளியும் ஒரே சங்கத்தில் இருக்கிறவர்கள், நெருங்கின சிநேகிதர்கள். காரில் ஒரே புகார்தான்: ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. முதலாளி தானே புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். திரும்ப வந்தது. பேட்டரி கம்பெனி சரியில்லை என்று திட்டிவிட்டு இன்னொன்று போட்டார். அதுவும் இறங்கியது.

மறுபடி அந்த வண்டி இழுத்துக்கொண்டு வரப்பட்ட நாளில் முதலாளி உதிரிபாகம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற போக்கில், "ஏம்மா, அந்தச் சாம்பல் வண்டியைத் தொடாத. நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றார்.

என் அக்காவிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்றால் அது 'தொடாத' என்பதுதான்.

அவர் போனதும் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரையும் பார்த்தாள். நன்றாக இருந்தது. அப்படியென்றால் வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது. பேட்டரி முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவே மீட்டரை வைத்துக் கதவுகளைச் சாத்திவிட்டுக் காத்திருந்தாள். இந்தக் காலத்து வண்டிகள் சாவியை எடுத்த உடனே தூங்காது, கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டுத்தான் அடங்கும். அடங்கின பிறகும் மீட்டரில் எண் இறங்கவில்லை. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினாள். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான் என்று அர்த்தம். எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. எண் அப்படியே நின்றது.

"அப்பவே எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. ஃபியூஸ் எல்லாத்தையும் எடுத்த பிறகும் கரண்ட் போகுதுன்னா அது கம்பெனி போட்ட வழி இல்ல. யாரோ தனியாப் போட்ட வழி" என்றாள் அன்று மாலை.

பேட்டரியின் சிவப்பு மூடிக்கடியில், பெரிய வயரோடு ஒட்டினாற்போல் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று போயிற்று. கம்பெனி வயர்க்கட்டு துணி டேப்பால் சுற்றியிருக்கும். இது பளபளவென்று பிளாஸ்டிக் டேப். அதைத் தடவிக்கொண்டே போனாள். இன்ஜின் பக்கத்துச் சுவரில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டி, உள்ளே ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தாள். தீப்பெட்டி அளவில் கருப்புப் பெட்டி. ஓரத்தில் பச்சைப் பொட்டு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் போடுவது மாதிரி ஒரு சிம் கார்டும் அதில் இருந்தது. வண்டி எங்கே போகிறது என்று எங்கிருந்தோ பார்க்கிற கருவி. மட்டமான சரக்கு. நல்ல கருவி வண்டி நின்றதும் தூங்கிவிடுமாம். இது கண்ணை மூடாமல் கரண்டை உறிஞ்சியிருக்கிறது.

அக்கா அந்தப் பெட்டியைப் பிடுங்கவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு, எல்லா ஃபியூஸையும் திரும்பச் சொருகி, பானெட்டை இறக்கிவிட்டு, வேறு வண்டியில் பல்பு மாற்றப் போய்விட்டாள். இரண்டு முறை பேட்டரி மாற்றினவர் கண்ணில் அந்தச் சிவப்பு வயர் படாமல் இருந்திருக்கவே முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை எங்கள் சமையலறையில் விசாரணை நடந்தது.

"கடன் கொடுத்த கம்பெனி வெச்சிருக்கலாம் அக்கா. திருட்டு போகாம இருக்க அவங்களே கூட வெச்சிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு யாரையும் கெட்டவராக நினைக்க மனசு வராது.

"திருட்டுக்குப் பயந்து வெச்சிருந்தா பேட்டரி இறங்குதுன்னு அழுதுட்டு வந்தவங்க அதைச் சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"மறந்திருப்பாங்க."

"மூணு தடவையுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தால், எங்கள் வண்டிக்கடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் கையில் காப்பியோடு ஓடினார்.

"என்னக்கா, நம்ம வண்டியிலயுமா?"

அக்கா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. சந்தோஷமா இரு."

அவர் முகம் ஒரு வாரம் சுண்டிக் கிடந்தது. அவள் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்கிறவரைக்கும் நான் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று அவரிடம் இன்றைக்கும் சொல்லவில்லை.

வண்டியை எடுக்க வந்த டீச்சரிடம் அக்கா பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். வண்டி கடனில் வாங்கியதா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். இல்லையாம், முழுத் தொகையும் தன் சேமிப்பிலிருந்து கட்டி, தன் பேரில் வாங்கியதாம். "வண்டி விஷயமெல்லாம் அவர்தான் பார்த்துப்பார். எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்" என்றார் டீச்சர். அப்புறம், கேட்காமலேயே ஒன்று சொன்னார்.

"எனக்கு இப்போ போறதுக்கும் இடம் கிடையாது. பள்ளிக்கூடம், வீடு. முன்னாடி என் அக்கா வீட்டுக்குப் போவேன். இப்போ பேச்சுவார்த்தை இல்ல."

"ஏன் டீச்சர்?"

"என்னத்தைச் சொல்ல. கூடப்பிறந்தவளே கோள் சொல்றா. அவர்கிட்ட சொல்லாம அவ வீட்டுக்குப் போயிட்டு வந்தா, நான் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி 'உங்க அக்கா எப்படி இருக்கா'ன்னு கேட்கிறார். அவ சொல்லாம எப்படித் தெரியும்? நல்லா சண்டை போட்டு விட்டுட்டேன்."

அக்கா அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாளாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"தொடாதன்னு சொன்னேன். ஃபியூஸ் பெட்டி மூடி தலைகீழா இருந்துச்சு."

அக்கா கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தாள்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன் அண்ணே. நீங்களா வெச்சீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவரு கேட்டாரு, போட்டுக் கொடுத்தேன். பொண்டாட்டி பத்திரமா இருக்கணும்னு நினைக்கிறது குத்தமா?"

"பத்திரத்துக்குன்னா அவங்களுக்கே தெரியலையே?"

"இதோ பாரும்மா. அது அவங்க குடும்ப விஷயம். படிக்க வந்திருக்க. படிச்சு முடி. கையெழுத்து வாங்கிட்டுப் போ. ஆழம் தெரியாம காலை விடாத."

அந்தக் 'கையெழுத்து' என்ற சொல்லை அவர் அழுத்தவே இல்லையாம், வெறும் பேச்சுவாக்கில்தான் சொன்னாராம். அதனால்தான் பயமாக இருந்தது என்றாள் அக்கா.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அக்கா சொன்னால் விசா போகுமோ என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டால் அவளால் சோறு தின்ன முடியாது என்றும் தெரியும். "உனக்கெதுக்கு வம்பு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு அவ அக்காவைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருக்கா. நீ என்னை அப்படி நினைச்சா நான் என்ன ஆவேன்?" என்றாள். நான் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பயிற்சிக்கூடத்தில் மேடத்தைத் தனியாகப் பிடித்து, யாருக்கோ நடந்தது மாதிரிக் கேட்டாள். மேடம் நம்பவில்லை. "இது கற்பனைக் கேள்வியா, நிஜ வண்டியா?" என்று திருப்பிக் கேட்டார். நிஜ வண்டிதான் என்றாள் அக்கா. மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். யார் பேரில் வண்டி இருக்கிறதோ அவருக்குத் தன் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய உரிமை உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். ஆனால் கருவியை நீங்கள் பிடுங்காதீர்கள், பிடுங்கின நிமிஷமே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும், அவன் அன்று வீட்டில் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியாது, வண்டிக்குச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும் என்றார். கடைசியாக, "கராஜ் போனாலும் வேற இடம் பார்க்கலாம். எழுதிக் கொடுத்தெல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன், பார்க்கலாம்" என்றார். அக்காவுக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. நிச்சயம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பேட்டரி மறுபடி இறங்கி டீச்சர் வந்தபோது, முதலாளி போனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, சத்தமாக, "சார்ஜ் ஏறுதான்னு ஓட்டிப் பார்க்கணும் டீச்சர், நீங்களும் வாங்க" என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சில பெட்டிகளில் ஒட்டுக் கேட்கிற மைக்கும் இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறாள். டீச்சர் ஏதோ சொல்ல வந்தபோது உதட்டில் விரலை வைத்தாள். டீச்சரின் முகம் வெளுத்துப் போனது. கடைகள் வரிசையாக இருந்த தெருவில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இறங்கி பானெட்டைத் தூக்கினாள். டீச்சர் கையில் டார்ச்சைக் கொடுத்து, குனியச் சொல்லி, அந்தச் சிவப்பு வயரைக் காட்டினாள். போனில் எடுத்த படத்தையும் காட்டினாள். இன்ஜின் சத்தத்தில் காதோரம் போய்ச் சொன்னாள்.

டீச்சர் அழவில்லை. டார்ச்சை அந்த வயர்மேலேயே அடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ என் அக்கா சொல்லலையா?"

"இது சொல்லியிருக்கு."

டீச்சர் நிமிர்ந்து, என் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? உங்களை அவர் அனுப்பினாரா?"

"என்ன டீச்சர்?"

"நான் என்ன சொல்றேன்னு பார்க்க அனுப்பியிருக்காரா? நான் எதுவும் சொல்லல. எனக்கு அவர்மேல ஒரு குறையும் இல்ல. அப்படியே போய்ச் சொல்லுங்க."

பானெட்டைத் தானே அடித்துச் சாத்திவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். என் அக்கா எண்ணெய்க் கறையோடு நடுத்தெருவில் நின்றாள். கராஜுக்கு நடந்தே திரும்பினாள். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டவள், தன்னை ஒருத்தி அப்படிப் பார்த்ததை மட்டும் தாங்கமாட்டாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் கிணற்றில் போட்ட கல் மாதிரி எந்தச் சத்தமும் இல்லை. முதலாளி எதுவும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். டீச்சர் கணவரிடம் சொல்லியிருப்பாரோ, அவர் முதலாளியிடம் சொல்லியிருப்பாரோ, முதலாளி பயிற்சிக்கூடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறாரோ என்று எங்கள் வீட்டில் பேச்சு அரைத்த மாவாகவே அரைபட்டது.

பிறகு ஒரு காலையில் டீச்சரின் கணவர் கராஜுக்கு வந்தார். அக்கா அவரை அதுவரை பார்த்ததில்லை. இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல், எல்லோருக்கும் வணக்கம். இப்படி ஒருவரைத் தெருவில் பார்த்தால் நான் வழி கேட்பேன் என்றாள். என் மனைவியைக் காணோம் என்றார். முந்தின நாள் முழுக்க வண்டி பள்ளிக்கூடத்திலேயேதான் நின்றது, பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியும் நகரவில்லை, போய்ப் பார்த்தால் வண்டி இருக்கிறது, ஆள் இல்லை என்றார். வண்டி நின்ற இடம் தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் பெட்டியைப் பிடுங்கவில்லை. வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, வேறு வழியாக வெளியே போயிருக்கிறார். நாள் முழுக்க அந்தப் பச்சைப் பொட்டு, டீச்சர் வகுப்பில் இருக்கிறார் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"கடைசியா அந்த வண்டியில வேலை பார்த்தது யாரு?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா கையில் இருந்த டெஸ்ட் லைட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தான்" என்றார் முதலாளி. "பேட்டரி மாத்தினேன். வேற எதையும் தொடல."

"இந்தம்மா?"

"அது பல்பு மாத்துற ஆளு."

டீச்சரின் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்பும்வரை முதலாளி கதவருகிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அதுவரைக்குமான மணிநேரங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நாளையிலிருந்து வர வேணாம்மா" என்றார்.

முதலாளி ஏன் 'நான்தான்' என்று சொன்னார் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. மனசாட்சி உறுத்தியிருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். "மனசாட்சியாவது மண்ணாவது. பெட்டியை வெச்சது இவருன்னு நான் போலீஸ்ல வாயைத் திறந்தா இவர் மாட்டிப்பாரு. என்னைக் காட்டிக் கொடுத்தா நான் சும்மா இருப்பேனா?" என்கிறாள் அக்கா. நான் நடுவில் இருக்கிறேன். டீச்சர் கணவரைப் பார்த்தபோது முதலாளிக்கே அவர்மேல் பயம் வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் அக்கா, "உனக்கு எல்லாரும் நல்லவங்க" என்பாள்.

மேடம் சொன்னபடி வேறு இடம் பார்த்துக் கொடுத்தார், பஸ் டிப்போவில். பஸ்ஸின் வயர்க்கட்டு ஆள் தொடை அளவு இருக்குமாம். அங்கே மிச்ச மணிநேரத்தை முடித்து, பரீட்சை எழுதித் தேறினாள். சான்றிதழ் கையில் வந்ததும் முதல் காரியமாக, அதில் இருந்த முத்திரை அசல்தானா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டிப்போவே வேலைக்கு எடுத்துக்கொண்டது. டிரைவர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்குவார்கள். விளக்கு தானாக அணைந்தது என்று யாராவது சொன்னால், "தானா எதுவும் அணையாது. எதை இடிச்சீங்க?" என்று கேட்பாள்.

டீச்சரைப் பற்றி நெடுநாள் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கேட்கவும் பயந்தாள். ஒரு விடுமுறை நாள் மதியம் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஓட்டிவந்தவர் டீச்சர். இன்னொருவர் அவரைப்போலவே மெலிந்து, கொஞ்சம் நரைத்து இருந்தார். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா படித்த பயிற்சிக்கூடத்தைத் தேடிப்பிடித்து, விலாசத்தை மேடத்திடம் கெஞ்சி வாங்கினார்களாம். வக்கீல் வைத்து, பள்ளிக்கூடத்தில் கிடந்த வண்டியை மீட்டிருந்தார்கள். பெட்டியைக் கழற்றிக் காவல் நிலையத்தில் கொடுத்தாயிற்று. வழக்கு நடக்கிறது. இப்போது டீச்சர் தன் அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.

"அன்னைக்கு உங்களை அப்படிக் கேட்டுட்டேன்" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"கேட்டது சரிதான் டீச்சர். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள் அக்கா. உண்மையாகவே சொன்னாள். வெட்கப்பட்டுச் சிரித்ததில் அவள் காது சிவந்துவிட்டது.

வந்த காரியம் வேறு. வண்டியில் இன்னொன்று இருக்குமோ என்று டீச்சருக்குத் தூக்கம் வரவில்லையாம். எங்கே போனாலும் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாராம். அக்கா உடை மாற்றிக்கொண்டு வந்தாள். சீட்டுகளைக் கழற்றி, கூரைத் துணியைத் தளர்த்தி, பின்விளக்குக் குடுவை, பம்பர் உட்பக்கம், ஸ்பேர் டயர் குழி என்று ஒன்று விடாமல் பார்த்தாள். மீட்டரை வைத்துக் காத்திருந்தும் பார்த்தாள். நாங்கள் மூன்று பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, அவள் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சரின் அக்கா தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். "சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல."

"நிச்சயமா?" என்றார் டீச்சர்.

"நிச்சயமா."

டீச்சர் தலையை ஆட்டினார். சாவியை எடுத்தார். கார்க்கதவு வரை போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை பார்க்க முடியுமா?"

அவருடைய அக்கா, "ஏண்டி, அவங்க எவ்வளவு நேரமா..." என்று தொடங்கினார். என் அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மீட்டரை எங்கள் வண்டியின் பேட்டரியில் வைத்துச் சரிபார்த்தாள். அப்புறம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முன்சீட்டுக்கடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.